டீச்சருக்கு மட்டும் இலவசம்

ஒரு பேச்சுக்கு, நீங்கள் ஒரு மென்பொருள் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு டீச்சர் காலையில் திறந்தால் வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், குட்டிக் குட்டி வினாடி வினா, யார் எழுதினார்கள் யார் டிமிக்கி கொடுத்தார்கள் என்ற பட்டியல், அப்பா அம்மாவுக்கு இரண்டு வரிச் செய்தி, எல்லாம் ஒரே இடத்தில். ஒன்றரை வருஷம் ராத்திரி கண்விழித்து எழுதியிருக்கிறீர்கள். மச்சினர் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறார். நன்றாகவே வேலை செய்கிறது. இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் நிரப்பாமல் பாக்கி இருக்கிறது. விலை.

எவ்வளவு போடுவீர்கள்?

எம்.பி.ஏ. படித்த யாரையாவது கேட்டால் ஐந்து நிமிஷத்தில் அழகான அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுவார். இடது பக்கம் 'இலவசம்', நடுவில் 'ப்ரோ', வலது பக்கம் 'எங்களைத் தொடர்பு கொள்ளவும்'. நடுக்கட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் பளிச்சென்று கலர். நீங்களும் சந்தோஷமாகப் போட்டுவிடலாம். ஆனால் இந்தக் கேள்வி பார்ப்பதற்குத்தான் வியாபாரக் கேள்வி மாதிரி இருக்கிறது.

சோப்பு விற்கிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை. சோப்பைத் தேர்ந்தெடுக்கிறவர், காசு கொடுக்கிறவர், தேய்த்துக் குளிக்கிறவர் மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே ஆசாமி. பிடிக்கவில்லையா, அடுத்த மாதம் வேறு சோப்பு. உங்கள் சரக்கு அப்படி இல்லை. தேர்ந்தெடுப்பது டீச்சர். காசு கொடுக்க வேண்டியது, நியாயமாகப் பார்த்தால், பள்ளிக்கூடம். அதற்குள் தினமும் புழங்கப்போவது முப்பது நாற்பது குழந்தைகள். அந்த நாற்பது பேரில் ஒருத்தர்கூட எழுந்து நின்று, 'மிஸ், இந்தக் கம்பெனியிடம் என் பிறந்த தேதியைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்ல முடியாது. டீச்சர் 'திறங்கள்' என்றால் திறக்க வேண்டும். அவருக்கு அது ஒரு விருப்பம். பிள்ளைகளுக்கு உத்தரவு.

இதே மாதிரி அமைப்பு நமக்குத் தெரிந்த இன்னொரு இடத்தில் இருக்கிறது. டாக்டர் மருந்து எழுதுகிறார், நாம் காசு கொடுத்து விழுங்குகிறோம். அதனால்தான் மருந்துக் கம்பெனிகள் நம்மிடம் வருவதில்லை. டை கட்டிக்கொண்டு, தோல்பையோடு டாக்டர் அறை வாசலில் காத்திருக்கிறார்கள். சாம்பிள், பேனா, காலண்டர் எல்லாம் அவருக்கு. டாக்டர்கள் கெட்டவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் 2009-ல் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசுப்பொருள் வாங்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அடுத்தவர் சார்பில் முடிவெடுக்கிறவருக்குக் கொடுக்கப்படும் எந்த இலவசமும் கொஞ்சம் சந்தேகத்துக்கு உரியது என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

பள்ளிக்கூட மென்பொருள் உலகத்தின் தலைநகரம் அமெரிக்கா. அதனால் உங்கள் கடையை ஒரு பேச்சுக்கு அங்கே கொண்டுபோய் வைப்போம். அங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளூர் அமைப்பு. அதனிடம் ஒரு பொருளை விற்பதென்றால் கமிட்டி, டெண்டர், வக்கீல், போர்டு மீட்டிங், அடுத்த வருஷ பட்ஜெட் என்று இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் உங்கள் மச்சினர் பணம் தீர்ந்துவிடும். ஆகவே சின்னக் கம்பெனிகள் ஒரு பின்வாசல் கண்டுபிடித்தன. நேராக டீச்சரிடம் போ. சும்மா கொடு. ஒரு பள்ளியில் பத்து டீச்சர் பழகிய பிறகு தலைமையாசிரியர் அறைக்கதவைத் தட்டி, 'உங்கள் ஆட்கள் ஏற்கெனவே இதில்தான் இருக்கிறார்கள் சார்' என்று சொல்லு.

சும்மா கொடுக்காமல் டீச்சரிடமே மாதம் ஐந்து டாலர் கேட்டால் என்ன என்று தோன்றலாம். நேர்மையான வழி மாதிரித்தான் இருக்கிறது. ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்கில், 2014-15 கல்வியாண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவிகிதம் பேர் வகுப்புக்காகத் தங்கள் சொந்தக் காசைச் செலவழித்திருக்கிறார்கள். அப்படிச் செலவழித்தவர்களின் சராசரி 479 டாலர். பென்சில், பேப்பர், சாக்பீஸ் வகையறா. யாரும் திருப்பித் தரவில்லை. இது ஊரறிந்த விஷயம் என்பதால் வருமான வரியில் 2002-லிருந்தே இதற்கென்று 250 டாலர் கழிவு கொடுத்திருந்தார்கள். 2022-ல் பெரிய மனசு பண்ணி 300 ஆக்கினார்கள்.

கவனியுங்கள், எந்த டீச்சர் சொந்தக் காசு போடுவார்? மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவரா? இல்லை. கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பையனுக்குப் பின்னம் புரியவில்லையே என்று வீட்டுக்குப் போயும் யோசிக்கிறவர்தான் போடுவார். ஆகவே மாதம் ஐந்து டாலர் என்று நீங்கள் போடும் விலை, உண்மையில் மென்பொருளுக்கான விலை அல்ல. அக்கறைக்கு விதிக்கப்படும் வரி. அக்கறை கூடக் கூட வரியும் கூடும். விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'உங்கள் குழந்தைகளுக்குச் சிறந்ததைத் தர விரும்புகிறீர்களா?' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு 'இல்லை' என்று சொல்லக்கூடிய டீச்சரை நான் பார்த்ததில்லை. இப்படி மனசாட்சியைக் கிள்ளி விற்பது எனக்குக் கொஞ்சம் அசிங்கமாகவே படுகிறது.

சரி, இலவசத்துக்கே வருவோம்.

இலவசம் என்ற வார்த்தை மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. காய்கறிக்காரம்மா கொசுறாகப் போடும் கறிவேப்பிலையும் இலவசம்தான். ஆனால் அதன் விலை கத்தரிக்காயில் ஏறியிருக்கிறது என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிரச்னை எங்கே என்றால், கறிவேப்பிலையை உங்களிடம் கொடுத்துவிட்டு கத்தரிக்காயைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கில் எழுதும்போது.

இன்டர்நெட்டுக்கு முன்பே இதைச் செய்து பார்த்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் 'சேனல் ஒன்' என்று ஒன்று ஆரம்பித்தது. கிறிஸ் விட்டில் என்பவரின் யோசனை. பள்ளிகளுக்கு டி.வி. பெட்டிகளும் சாட்டிலைட் டிஷ்ஷும் இலவசம். பதிலுக்கு, தினமும் 12 நிமிஷ நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பத்து நிமிஷம் செய்தி, இரண்டு நிமிஷம் விளம்பரம். கணக்கு சுலபம். வீட்டில் விளம்பரம் வந்தால் பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். வகுப்பில் போக முடியாது. விளம்பரக் கம்பெனிகள் கொடுத்த காசு அந்த 'போக முடியாது' என்பதற்குத்தான். ஏழைப் பள்ளிகளுக்கு டி.வி. கிடைத்ததே என்று வாதாடியவர்களும் இருந்தார்கள், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 வரை ஓடிவிட்டு மூடிவிட்டார்கள். ஒரு விஷயத்தில் சேனல் ஒன்னைப் பாராட்ட வேண்டும். அந்த இரண்டு நிமிஷம் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. எதிர்க்க நினைத்த பெற்றோர் எதிர்க்க முடிந்தது.

எட்மோடோவின் கதையில் அந்த வசதிகூட இல்லை. கதை ஆரம்பத்தில் ரொம்ப நல்ல கதை. 2008-ல், சிகாகோ பக்கத்துப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தொடங்கியது. ஃபேஸ்புக் போன்ற தளங்களைப் பள்ளிகள் தடுத்து வைத்திருந்த காலம். பிள்ளைகளோ அதில்தான் கிடந்தார்கள். ஃபேஸ்புக் மாதிரியே இருக்கும், ஆனால் டீச்சர் கையில் சாவி இருக்கும், வெளியாள் உள்ளே வர முடியாது. இதுதான் யோசனை. ஆசிரியர்களுக்கு இலவசம். ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்குச் சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, உலகம் முழுக்கப் பரவியது. தங்கள் ஊரில் எட்மோடோவுக்காக மேடையேறிப் பேசிய ஆசிரியர்கள் எல்லாம் உண்டு. யாரும் காசு வாங்கிக்கொண்டு பேசவில்லை, பிடித்திருந்ததால் பேசினார்கள்.

முதலீட்டாளர்கள் கோடி கோடியாக டாலர் போட்டார்கள். வாடிக்கையாளர் எண்ணிக்கை கோடிக்கணக்கில். வருமானம் மட்டும் பெரிதாக வரவே இல்லை. 2017-ல் திருடர்கள் புகுந்து 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்களைக் கொண்டுபோனார்கள். 2018-ல் நெட்டிராகன் என்ற சீனக் கம்பெனி 13 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெரும்பகுதி பங்குகளாக. 2022 செப்டம்பர் 22-ம் தேதி எட்மோடோ மூடப்பட்டது. அங்கே வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த பாடக்குறிப்புகளை டீச்சர்கள் அவசர அவசரமாக இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு பாடத்துக்குப் பத்து நல்ல கேள்வி தயாரிப்பதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகும் என்று வீட்டில் ஆசிரியர் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கிடையில் அமெரிக்க அரசின் எஃப்.டி.சி., அதாவது வியாபார ஒழுங்கைக் கண்காணிக்கும் ஆணையம், இன்னொரு கணக்கைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் 1998-லிருந்து ஒரு சட்டம் உண்டு. 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் சொந்த விவரங்களை இணையத்தில் வாங்குவதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வகுப்பறையில் நாற்பது வீட்டுக் கையெழுத்து வாங்குவது கஷ்டம் என்பதால், பெற்றோர் சார்பில் பள்ளியே சம்மதம் சொல்லலாம் என்று ஒரு சலுகை. ஆனால் படிப்புக் காரியத்துக்கு மட்டும். எட்மோடோ என்ன செய்தது என்றால், இலவசப் பதிப்பில் குழந்தைகளின் விவரங்களை வைத்து விளம்பரம் காட்டியது. தேவைக்கு மேல் காலமெல்லாம் அவற்றை வைத்துக்கொண்டது. இதற்கெல்லாம் பெற்றோரிடம் சம்மதம் வாங்கும் பொறுப்பு? விதிமுறைகள் என்று யாருமே படிக்காத ஒரு நீளமான பக்கம் இருக்குமே, அதற்குள் 'அது பள்ளியின், ஆசிரியரின் பொறுப்பு' என்று எழுதி வைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழாம் வகுப்பு டீச்சருக்கு இலவசமாக ஒரு பொருளைக் கொடுத்து, அவர் அதை வகுப்பில் பரப்பி, சக ஆசிரியர்களிடம் சிபாரிசு செய்து, கடைசியில் சட்டம் மீறப்பட்டால் மாட்டிக்கொள்ள வேண்டியவரும் அவரே. அவர்தான் கம்பெனியின் சம்பளமில்லாத சேல்ஸ்மேன், அவர்தான் சம்பளமில்லாத வக்கீல். பெற்றோர் டீச்சரை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கை டீச்சருடைய சொத்து அல்ல. அவரிடம் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தது. அதை அவருக்கே தெரியாமல் அடகு வைத்துவிட்டார்கள். என் பார்வையில் குழந்தையின் இ-மெயில் முகவரி போனதைவிட இது பெரிய தப்பு.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். சர்வர் வாடகை மாதாமாதம் வரும். உங்களிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வேண்டும். கல்வி புனிதமானது, அதற்குப் போய் காசு கேட்கலாமா என்று சொல்கிறவர்களும் சாக்பீஸ் கம்பெனியிடம் இதைச் சொல்வதில்லை. 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஜூம் நிறுவனம் பள்ளிகளுக்கு 40 நிமிஷக் கெடுவை எடுத்துவிட்டது. நம் ஊரிலும் எத்தனையோ பிள்ளைகள் கூகுள் மீட்டிலும் வாட்ஸப்பிலும்தான் படித்தார்கள். அந்த இலவசம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கொடுத்தவர்களை எல்லாம் சந்தேகப்படுவது நன்றி கெட்டதனம்.

ஆனால் கொடுக்கிறவர் பெரிய ஆளாக இருந்தாலும் இலவசத்துக்கு ஆயுள் உண்டு என்பதையும் பார்த்துவிட்டோம். கூகுள் பள்ளி, கல்லூரிகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அளவில்லாத இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில், இனி ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட்தான், 2022 ஜூலையிலிருந்து என்று அறிவித்தது. சின்னப் பள்ளிக்கு அது தாராளம். பெரிய பல்கலைக்கழகங்கள் ஓடி ஓடிப் பழைய கோப்புகளை அழித்தன. கூகுள் தப்பு செய்ததாக நான் சொல்ல மாட்டேன், ஒன்றரை வருஷம் முன்கூட்டியே சொன்னார்கள். முடிவில்லாதது என்று சொன்னதை நம்பி யார் யார் என்னென்ன கட்டினார்களோ என்பதுதான் கேள்வி.

வேறு மாதிரி ஒருத்தர் யோசித்தார். மார்ட்டின் டூகியாமஸ், ஆஸ்திரேலியர். பாலைவனத்தில் வளர்ந்த பையன், பக்கத்தில் பள்ளிக்கூடம் இல்லாததால் சிறு வயதில் ரேடியோ மூலம் பாடம் கேட்டவர். பின்னாளில் அவர் எழுதிய மூடுல் என்ற மென்பொருளின் முதல் பதிப்பு 2002-ல் வந்தது. இதுவும் இலவசம். ஆனால் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். எடுத்துக்கொள், உன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள், திருத்திக்கொள். நாளைக்கு அவர் கடையை மூடினாலும் உங்கள் பள்ளியில் இருப்பது இருக்கும். நிறுவித்தர, பராமரிக்கக் காசு வாங்கும் கம்பெனிகள் மூடுல் நிறுவனத்துக்கு ஒரு பங்கு கொடுக்கும், அதில் அதன் பிழைப்பு. எங்கே காசு வருகிறது என்பது யாருக்கும் ரகசியமில்லை. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சர்வர் வைத்து, அதைக் கவனித்துக்கொள்ளத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத பள்ளிக்கு மூடுல் கொடுப்பது, ஓட்டத் தெரியாதவருக்கு லாரியைப் பரிசளிப்பது மாதிரி. பார்க்கவும் எட்மோடோ அளவுக்கு அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று, கான் அகாடமி. 2023-ல் 'கான்மிகோ' என்று செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2024 மே மாதம் அமெரிக்க ஆசிரியர்களுக்கு அதை இலவசமாக்கினார்கள். எப்படி முடிந்தது? மைக்ரோசாஃப்ட் கை கொடுக்கிறது என்று அறிவிப்பிலேயே போட்டுவிட்டார்கள். வீட்டில் உபயோகிக்கும் குடும்பங்களுக்கு அப்போது மாதம் 4 டாலர். மைக்ரோசாஃப்ட்டுக்கு இதில் லாபம் இல்லாமலா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்க முடிகிறதே, அதுதான் விஷயம். கத்தரிக்காய் யார் கணக்கில் என்று பலகையில் எழுதியிருக்கிறது.

ஆகவே உங்கள் காலிக் கட்டத்துக்கு என் அபிப்பிராயம் கேட்டால், பள்ளியிடம் காசு கேளுங்கள் என்பேன். இத்தனை பிள்ளைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். 'தொடர்பு கொள்ளவும்' வேண்டாம். அது ஆளைப் பார்த்து விலை சொல்வதற்கான ஏற்பாடு. டீச்சர் ஒரு வகுப்புக்கு மட்டும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சும்மா உபயோகித்துப் பார்க்கட்டும். முப்பது நாள் இலவசம் என்று கொடுத்துவிட்டு, பருவத்தேர்வுக்கு முந்தின வாரம் பூட்டுப் போடுவது கந்துவட்டிக்காரன் புத்தி. மொத்தத்தையும் ஒரு பொத்தானில் இறக்கிக்கொண்டு வெளியேறும் வழியை முதல் நாளே வையுங்கள். வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கும். உங்கள் மச்சினர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரர் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து உங்களைத் தோற்கடிக்கக்கூடும், அதற்கு என்னிடம் மாற்று மருந்து இல்லை. நல்ல விலை போட்ட கடை நீடித்து நடக்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

விக்கிஸ்பேசஸ் என்று ஒன்று 2005-லிருந்து இருந்தது. பள்ளிகளுக்கு இலவச இடம் கொடுத்தார்கள். 2014-ல் கைமாறியது, 2018-ல் மூட ஆரம்பித்தார்கள். ஆனால் மூடும்போது முன்னதாகவே தேதி சொன்னார்கள், இலவசக்காரர்களுக்கு இந்தத் தேதி, காசு கட்டியவர்களுக்கு அதற்குப் பின்னால் இந்தத் தேதி என்று படிப்படியாக மூடினார்கள். எழுதியதை எடுத்துப்போக வழியும் வைத்தார்கள். கடை மூடுவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

எட்மோடோ விஷயத்தில் ஒன்று பாக்கி. 2023 மே மாதம் எஃப்.டி.சி. அறிவித்த உத்தரவில் அபராதம் 60 லட்சம் டாலர். இனிமேல் பாடத்துக்குத் தேவையானதற்கு மேல் ஒரு விவரமும் கேட்கக் கூடாது, சட்டப் பொறுப்பைப் பள்ளிகள் தலையில் கட்டக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அபராதத்தை மட்டும் வசூலிக்காமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டுவதற்குக் கம்பெனியிடம் வசதி இல்லையாம். அமெரிக்காவில் கடையை மூடி அப்போதே எட்டு மாதம் ஆகியிருந்தது.